எடைச்சீட்டு

இரண்டு குளியலறைத் தராசுகளை
இணைகம்பிகளுக்கு நடுவே அக்கம்பக்கமாய் வைத்து
ஒவ்வொன்றிலும் ஒரு காலை ஏற்றச் சொன்னாள்.
இடது பதினான்கு. வலது நாற்பத்து நான்கு.
"இரண்டும் ஒன்றாக வேண்டும், பாபா."

உடனே இறங்கினேன்.
இறங்க ஐந்து நிமிடம் ஆனது, ஆனாலும் உடனே.
தராசுகளை இடம் மாற்றி வை என்றேன்.
முப்பத்தோரு ஆண்டு
டொங்காட் சர்க்கரை ஆலை வாசலில்
கரும்பு லாரிகளை எடைபோட்டவன்
தராசைச் சோதிக்காமல் யாரையும் நம்பியதில்லை,
இப்போது என் காலையும்.

மாற்றி வைத்தாள். ஒரு கிலோ வித்தியாசம்.
சிரித்தாள். இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

அவள் பெயர் ஹ்லெங்கிவே.
முதல் எழுத்துக்கு
காற்று நாக்கின் ஓரமாய்க் கசிய வேண்டும்.
என் வாயின் இடது ஓரம் தைத்துப்போட்டதுபோல் கிடக்க
ஆறு வாரமும் அவளை சிஸ்டர் என்றே கூப்பிட்டேன்.

பக்கவாதம் என்கிறார்கள்.
வாதம் என்றால் எதிர்வாதமும் வேண்டும் அல்லவா?
இது அப்படியில்லை.
இடப்பக்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டது,
கோரிக்கை எதையும் எழுதிக் கொடுக்காமல்.

சுவர்க் கண்ணாடியில் ஒருவன் சாய்ந்து நிற்கிறான்.
நான் நேராகத்தான் நிற்கிறேன்.
இருவரில் யாரை நம்புவது என்று கேட்டால்
"அவரை" என்று கண்ணாடியைக் காட்டுகிறாள்.

குன்யே, குபிலி, குதாத்து என்று அவள் எண்ண
பிளாஸ்டிக் டம்ளர்களை ஒவ்வொன்றாய் எடுத்து
இடப்பக்கம் எட்டி அடுக்குகிறேன்.
எட்டும்போது இடுப்பு நகரவேண்டும்,
எடை அந்தக் காலுக்குள் இறங்கவேண்டும்.
போகிறது, கதவைத் தட்டுகிறது,
ஆள் இல்லையென்று திரும்பி வந்துவிடுகிறது.

லாரி மேடையேறியதும்
ஓட்டுநரை இறங்கச் சொல்வது என் வழக்கம்.
கரும்புக்குத்தான் காசு, அவன் தொப்பைக்கு இல்லை.
இங்கே யாரை இறங்கச் சொல்வது?

வியாழக்கிழமை கூட்டிப் பார்த்தேன். பழைய பழக்கம்.
பதினாறும் நாற்பத்தாறும் அறுபத்திரண்டு.
கிளினிக்கின் நாற்காலித் தராசில் நான் எழுபத்தொன்று.
ஒன்பது கிலோவைக் காணோம்.

டிரெய்லரின் ஒரு சக்கரம்
மேடைக்கு வெளியே நின்றால் இப்படித்தான் குறையும்.
எது வெளியே என்று தேடினேன்.
கம்பியைப் பற்றிய வலக்கை
முட்டிகள் வெளுத்து நின்றது.
ஒன்பது கிலோ பயம் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.
ஹ்லெங்கிவே ஒன்றும் சொல்லவில்லை.
அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

அன்றிரவு எட்டு மணிக்கு மின்வெட்டு.
ஃபிரிட்ஜின் முனகல் நின்றது.
அடுக்களைத் தொட்டியோரம்
கண்ணை மூடி நிற்கும் பயிற்சியில் இருந்தேன்.
திறந்தேன்.
மூடியதும் திறந்ததும் ஒன்றாய் இருந்தது.
தரை மெல்ல இடப்பக்கம் சரிந்தது.
சிந்தாமணி டார்ச்சை எடுத்த சத்தம் கேட்டது.
அடிக்கவில்லை.
மூச்சை அடக்கிக்கொண்டு
என் பயிற்சியை அவள் செய்துகொண்டிருந்தாள்.

வெறும் இடது பாதத்தடியில்
ஏதோ மெல்ல நொறுங்கியது.
யாரோ தோட்டம் கொளுத்திய கரும்புச் சாம்பல்,
சன்னல் வழியே வந்து தரையில் படிந்தது.
ஜூன் மாதத்துக்குப் பிறகு
அந்தப் பாதத்துக்கு வந்த முதல் தபால்.
அது என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது.

திங்களன்று கம்பியை விட்டேன்.
கைக்குக் காற்றில் என்ன செய்வதென்று தெரியவில்லை;
சட்டைப் பொத்தானைத் தொட்டது, பிறகு சும்மா இருந்தது.
தராசு முட்கள் நடுங்கின, நான் நடுங்கியதால்.
இடது பத்தொன்பது.
வலது ஐம்பத்திரண்டு.
"சமம் வரவில்லை, பாபா, ஆனால்..."

ஹ்லெங்கிவே, என்றேன்.
பாதி எச்சிலோடு வந்தது பெயர்.
கூட்டிப் பார்.

சின்னப்பன் என்று மேலே எழுதிய அட்டையில்
எழுபத்தொன்று என்று குறித்தாள்.
மணியையும் எழுது என்றேன்.
நேரம் போடாத எடைச்சீட்டு
செல்லாது.