நானூறு குடை

மகெல்லன் நீரிணைக் கரையில்
குடைக்கடை வைத்தேன்.
சிரிக்கலாம். ஊரே சிரித்தாயிற்று.

மழைநாட்களை எண்ணினேன், வாடகையை எண்ணினேன்.
சான்டியாகோவிலிருந்து நானூறு குடை, கடனுக்கு.
தெருமுனைகளில் ஏன் கயிறு கட்டியிருக்கிறார்கள்
என்று மட்டும் யோசிக்கவில்லை.
பத்து வருஷமாய் அதைப் பிடித்தபடிதான்
வேலைக்குப் போய்வந்திருக்கிறேன்.

முதல் குடை வாங்கியவர் பல் டாக்டர்.
வாசல் தாண்டுமுன் கம்பிகள் வானம் பார்த்தன.
பணத்தைத் திருப்பிக் கேட்காமல்
தோளைத் தட்டிவிட்டுப் போனார்.
அந்த இடம் இன்னும் வலிக்கிறது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது
களத்தில் நெல் குவித்தவனுக்கு.
இங்கே காற்று என்னைத் தூற்றியது.

எதிர்க்கடை நோல்ஃபா, கம்பளித் தொப்பி விற்பவள்,
மூன்றாம் மாதம் ஷட்டரை இறக்க
ஒரு கை கொடுத்தாள்.
"முதல் நாளே தெரியும்."
"ஏன் சொல்லவில்லை?"
"வாடகை எவ்வளவு என்று கேட்டாய்.
குடை பிடிப்பீர்களா என்று
எங்கள் யாரையும் கேட்கவில்லையே."

விற்றது ஒன்பது.
மிச்சம் என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது,
புரண்டு படுத்தால் முதுகில் இடிக்கிறது.

இப்போது அவள் கடையில் கணக்கு எழுதுகிறேன்.
புதுச் சரக்குக்குச் சொல்லுமுன்
தெருவில் போய் நின்று
எவர் தலையில் என்ன இருக்கிறதென்று பார்க்கிறேன்,
கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான்.