பரிவு நரம்பு

ரூவி கடைத்தெரு எக்ஸ்சேஞ்சில் நான்காவது கவுண்டர்.
மற்ற மூன்றிலும் நோட்டெண்ண
நனைத்த பஞ்சுக் கிண்ணம் இருக்கும்.
ஹிதாயத்துக்கு எதுக்குப்பா என்பார் குஞ்ஞுமோன்,
பதினோரு வருடமாக அதே ஜோக்.

ரசீது எழுதும்போது கைக்கடியில் ஒரு டிஷ்யூ,
அதற்கடியில் இன்னொன்று.
அப்படியும் ஒருநாள்
சில்ஹெட்டுக்கு அறுபது ரியால் அனுப்ப வந்தவரின் பெயர்
நீலமாகக் கரைந்து ஓடியது.
அவர் என்னைப் பார்த்த பார்வையில்
நான் அழித்தது மை இல்லை.

கார்டு புதுப்பிக்கும் இடத்தில்
கண்ணாடியில் விரலை வைத்தால் திரையில் வெள்ளைக் குளம்.
துடையுங்கள். மறுபடி. துடையுங்கள்.
பின்னால் வரிசை முனகும்.
ரேகையே விழாத ஆளை
எந்த நாடு எத்தனை நாள் வைத்துக்கொள்ளும்?

கை நீட்டுகிறவர்களுக்கு
வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலை சாய்ப்பேன்.
எவ்வளவு அதபான பிள்ளை என்றார்கள்.
சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஒளு செய்யுமிடத்தில், ஈரக் கையோடு,
யாராவது ஸலாம் சொல்லிப் பிடிக்கும்போது மட்டும்
ஊரில் எல்லார் கையும் என் கை.

களிம்பு எரிந்தது.
தண்ணீர்த் தட்டில் கையை வைத்து மின்சாரம் விட்டார்கள்,
இரண்டு வாரம் நின்றது, திரும்பி வந்தது.
டாக்டர் சுஆத் கடைசியில் படம் வரைந்தார்:
இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு துளை.
நுரையீரலைக் கொஞ்சம் சுருங்க வைத்து
மூன்றாவது விலாமேல் ஓடும் வெள்ளை நூலை
அறுத்துவிடுவோம்.

எனக்கு அந்த நூலைத் தெரியும்.
பிளஸ் டூ விலங்கியலில் அதற்குப்
பரிவு நரம்பு என்று பெயர்.
இரண்டு மதிப்பெண் கேள்வி.
அரபியில் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல்
தலையாட்டினேன்.
வேறு எங்காவது வேர்க்கும் என்றார்.
எங்கே?
அது உங்கள் உடம்பின் முடிவு.

அழகுக்கான சிகிச்சை, பணம் தர இயலாது என்றது இன்சூரன்ஸ்.
சம்மதப் படிவத்தில் என் கையெழுத்தும் கலங்கியது.
கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டேன்.

விழித்தபோது
யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல்
போர்வைமேல் இரண்டு கைகள்.
கதகதப்பாக.
ஒன்றோடொன்று தேய்த்தேன், சத்தம் வந்தது.
முப்பத்தெட்டு வயதில் முதல் சத்தம்.
உள்ளங்கைகளை முகத்துக்கெதிரே விரித்துப்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
துஆ கேட்கிறேன் என்று நினைத்து
நர்ஸ் டிராலியை ஓசையில்லாமல் தள்ளிப் போனாள்.

ஜூன் வந்தது.
கையிலிருந்ததெல்லாம் முதுகுக்கு வந்து சேர்ந்திருந்தது,
ஒரு பைசா பிடித்தமில்லாமல்.
பகலில் இரண்டு சட்டை. கறுப்புதான் வாங்குகிறேன்.
நாற்காலியில் சாய்வதில்லை.
நான்காவது கவுண்டருக்கும் பஞ்சுக் கிண்ணம் வந்துவிட்டது.
குஞ்ஞுமோனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை,
பாவம்.

லீவுக்கு விசிட் விசாவில் வந்திருக்கிறாள் நுஸைபா.
ஒன்பது வயது.
ஐ ஹைஸ்ட்ரீட் சிக்னலில் கையைப் பிடித்தேன்.
சட்டென்று உருவிப் பாவாடையில் துடைத்து
மணிக்கட்டைக் கொடுத்தாள்.

அந்த உருவல் எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியாதது வேறு:
ஈரக் கையைப் பிடித்தால் எப்படி இருக்கும் என்பது.
பிடித்துப் பார்க்கக் காய்ந்த கை
எப்போது இருந்தது என்னிடம்?

கொஞ்சம் குளிர்ச்சி.
கழுவிய திராட்சையை அள்ளினாற்போல.
இவ்வளவுதான்.
இவ்வளவுதானா?

பச்சை விழுந்தது.
நடக்க நடக்க
மணிக்கட்டிலிருந்து மெதுவாக இறங்குகிறது என் கை.
வாப்பா, உங்க முதுகெல்லாம் தண்ணி, என்கிறாள்,
விரல்களை இன்னும்
மூடியபடியே.