சிவப்புத் தடி

பதினொரு வருசம் குந்தியிருந்தே நடந்தவள் நான்.
ஒரு நாளைக்கு எட்டுச் சதுர மீற்றர்.
கருவி அழுதால் நில்,
அழாவிட்டால் ஒரு சாண் முன்னுக்கு.
விளாத்திக்கண்டலுக்கு எங்கள் அணிதான் கடிதம் கொடுத்தது:
இந்த நிலம் துப்புரவானது.
மூன்று மொழி, பச்சை முத்திரை,
கீழே என் கையெழுத்தும்.

அதை நம்பித்தான் சிவரூபி வந்தாள்,
கிணறு வெட்டினாள், கச்சான் போட்டாள்.
அதை நம்பித்தான் லொறியும் வந்திருக்கும்.
மிதிவெடி கிடந்த காலத்தில்
ஒரு கள்ள மண் லொறிகூட இந்தப் பாதையில் திரும்பியதில்லை.

முதிரைக்காட்டுக்குப் பின்னால் கிறவல் எடுத்த கிடங்கு.
மாரிக்கு முந்தின இரவுகள்.
லைற் இல்லை. நாய்கள்தான் எண்ணின.
விடியப் போய்ப் பார்த்தால் நீலப் பரல்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு மண்டையோடு,
நான் தடியில் கட்டுகிற அதே மண்டையோடு,
அதே இரண்டு எலும்பு.

ஆனால் பரல் நல்ல பரல்.
பவுசர் கிழமைக்கு ஒருக்கால் வருகிற ஊரில்
நல்ல பரலை ஆர் விடுவார்?
உள்ளிருந்ததைக் கிடங்குக்குள்ளேயே கவிழ்த்தோம்.
சொல்ல வெட்கம்,
நானும் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தேன்.
சவர்க்காரத்தூள், சாம்பல், மூன்று தரம் கழுவியும்
கனிந்த வாழைப்பழ வாசம் போகவில்லை.
நல்ல வாசம்தானே என்றோம்.

மழை கிடங்கை நிரப்பி, வாய்க்காலுக்கு வழி காட்டியது.
தையில் குளத்து மீன் தானாகக் கரைக்கு வந்தது.
முதல் நாள் பையோடு ஓடினோம்.
அடுத்த நாள் கொக்குகூட இறங்கவில்லை.
கச்சானைப் பிடுங்கினால் கோது மட்டும்.
சிவரூபியின் சின்னவனுக்கு
முழங்கைவரை கொப்புளம்.

இரண்டு பேர் வந்து ஆறு போத்தலில் தண்ணி எடுத்தார்கள்.
"எந்தக் கொம்பனி? பரலில் பெயர் சுரண்டிக் கிடக்குதே?"
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
சுரண்டியது நாங்கள்தான்,
பெயின்ற் பிடிக்க வேண்டுமென்று.

நாலு மாதம் கழித்து மறுமொழி:
அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்.

எங்கள் வேலையில்
அனுமதிக்கப்பட்ட மிதிவெடி என்று ஒன்றில்லை.

ஒரு ஞாயிறு, முகாமில் கேட்காமல்
கருவியைத் தூக்கிக்கொண்டு போனேன்.
கிணற்றுக்கட்டில் பிடித்தேன்.
வாளியின் பிடிக்கு அழுதது.
தண்ணிக்கு ஒரு சத்தமும் இல்லை.

பிறகு தடியை நாட்டத் தொடங்கினேன்.
கிணற்றைச் சுற்றி ஒன்பது.
வாய்க்காலோரம் இருபத்திரண்டு.
குளத்தில் கால்வாசி போகமுன்னம்
கட்டு முடிந்துவிட்டது.
எங்கே நிறுத்துவதென்றும் தெரியவில்லை,
இந்த வேலையில் முதல்முறையாக.

திரும்பி வரும்போது சிவரூபி வாசலில் நின்றாள்.
உள்ளே, முருகன் படத்துக்குப் பக்கத்தில்,
பொலித்தீன் உறைக்குள் அந்தக் கடிதம்.
வாளியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:
"அக்கா, கால் கழுவவும் கூடாதோ?"