மஞ்சள் கையுறை

ஹோர்த்தா துறையை விட்டு ஒரு மணி நேரம்.
பீக்கோ மலை மேகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு
எங்களைப் பார்க்காததுபோல் நிற்கிறது.
அமரோ விசைப்பிடியைத் தள்ளி
ஏழரை நாட்டில் நிறுத்துகிறான்.
"போடு."
அவ்வளவுதான் பேச்சு.

படகு தன் பின்னால் அலைகளை எழுப்பிக்கொண்டே போகும்.
அவற்றை எண்ணத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.
இரண்டாம் அலையில், இடது மூலை,
கனத்த தலை ஊதாவை விட்டேன்.
மூன்றாவதில், வலது மூலை, கறுப்பும் சிவப்பும்.
பக்கக் கழிகள் இறக்கை விரித்தபின்
நான்கிலும் ஐந்திலும் சின்னவை,
பறவைக்கோலாக் குஞ்சுகள் மாதிரி.

அலையின் முதுகில் விட்டால் தடுமாறும்.
உச்சியில் விட்டால் உருண்டு புரண்டு ஊரைக் கூட்டும்.
அலையின் முகத்தில், சரிவில் ஓட வேண்டும்.
மேலே வந்து ஒரு மூச்சு,
பிறகு முங்கி, குமிழிகளைப் புகைபோல்
நீளமாக இழுத்துக்கொண்டு.
மூச்சு, புகை. மூச்சு, புகை.
தாளம் தப்பினால் தங்கூசியை ஒரு முழம் விடு,
அல்லது ஒரு முழம் இழு.
அந்த ஒரு முழத்தில்தான் ரப்பருக்கு உயிர்.

லிஸ்பனிலிருந்து வந்த பல் வைத்தியர் கேட்கிறார்,
"இவ்வளவு பக்கத்திலா? சத்தத்துக்கு மீன் ஓடிவிடாதா?"
சத்தம் கேட்டுத்தான் வரும்,
கல்யாண வீட்டுக்கு நாய் வருவதுபோல.
அவர் நம்பவில்லை.
முதல் வருஷம் நானும் நம்பவில்லை.

பதினொரு வருஷம் டின் மீன் ஆலையில் நின்றவள் நான்.
சூரையின் முதுகெலும்பைப் பிரிக்கும்போது
எதை நம்பி வந்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.
ஆலையை மூடிய அன்று என்னோடு வந்தது
ஒரு ஜோடி மஞ்சள் கையுறை.
ஒன்றின் விரல்களைக் கீறி,
மருந்துப் புட்டி மூடியில் பிசின் வார்த்துத் தலை செய்து
கொக்கி கோத்தேன்.
அமரோ சிரித்தான்.
ஐந்தாவதாக, எல்லாவற்றுக்கும் பின்னால்,
பந்தியில் இடம் கிடைக்காதவனைப்போல்
அதைத் தூரத்தில் விட்டேன்.

தெற்கே பறவைகள் கொட்டி இறங்கின.
"மெதுவாத் திரும்பு!"
வெடுக்கென்று வளைத்தால் உட்பக்கத்தவை மூழ்கும்,
வெளிப்பக்கத்தவை வெறிபிடித்து ஓடும்,
ஐந்தும் ஒரே சடையாகிவிடும்.
மதில்மேல் பூனைபோல் திரும்பினான் அமரோ.
கூட்டத்துக்குள் நுழையாமல்
ஓரத்தை உரசிக்கொண்டு.

ஊதாவுக்குப் பின்னால் தண்ணீர் பழுப்பானது.
நிழல். கூர்மூக்கு.
ஊதாவைப் பார்த்தது, கறுப்புச் சிவப்பைப் பார்த்தது.
நகைக்கடையில் விலை மட்டும் விசாரிப்பவள்போல்
ஒவ்வொன்றாக விட்டுப் பின்வாங்கியது.
வைத்தியர் கழியைப் பிடுங்கப் பாய்ந்தார்.
"தொடாதீங்க! அமரோ, வேகத்தைக் குறைக்காதே!"

கடைசிச் சுருள் கதறியது.

இருநூறு மீட்டர். முந்நூறு.
மற்ற நான்கையும் நான் சுற்றி எடுக்கிறேன்,
கை என்னுடையதாக இல்லை.
நாற்காலியில் வைத்தியர், முகம் பீட்ரூட்.
ஒரே ஒருமுறை எழுந்தது மார்லின்,
முழு உடம்பையும் கடலிலிருந்து உதறிக்கொண்டு,
வாயோரம் மஞ்சளாக என்னவோ தொங்க.
தலையை ஆட்டி மறுத்தது.
தங்கூசி தளர்ந்தது.

"என் தப்பா?" என்றார்.
"கடல்," என்றான் அமரோ.
நான் கையுறையை இழுத்தெடுத்தேன்.
மூன்று விரல் மிச்சம்.
கொக்கியின் முனையைத் தொட்டுப் பார்த்தேன்.
மழுங்கல்.
காலையில் அரம் போட மறந்தது நான்.
சொல்லவில்லை.

குனிந்து உட்கார்ந்து ராவுகிறேன்.
கட்டைவிரல் நகத்தில் வைத்தால்
வழுக்காமல் நிற்க வேண்டும்.
வழுக்குகிறது.
இன்னும் கொஞ்சம்.
நிற்கிறது.

"போடு," என்கிறான் அமரோ,
திரும்பிப் பார்க்காமலே.