ஒற்றைப்படை

டூலூத் நகரம், பிப்ரவரி. கழித்தல் இருபத்தொன்பது.
ஏரி உறைந்து, எதுவரை கரை என்று தெரியவில்லை.
பள்ளி உணவுக்கூடத்தின் சாவி என்னிடம்.
காப்பி எந்திரம் இருக்கும் அறையின் சாவி
யாரிடம் என்று யாருக்கும் தெரியாது.

வருகிறோம் என்று கை தூக்கியவர்கள் பதினொருவர்.
ஆறரை மணிக்கு மேசை விரிக்க நின்றவர்கள் நால்வர்.
குறை சொல்லவில்லை, கணக்குச் சொல்கிறேன்.
வாரநாட்களில் நான் சம்பளப் பட்டியல் போடுகிறவள்.
இங்கே ஒருவருக்கும் சம்பளம் இல்லை,
அதனால் கூட்டல் பிழை வருவதே இல்லை.

ஆர்டிஸ் லிண்ட்குவிஸ்ட் கதவுக்குக் காவல்,
ஆஸ்பத்திரியில் இரவுப்பணி முடித்த கையோடு.
ஆட்டம் நடக்கையில் பெற்றோர் உள்ளே வரக் கூடாது.
கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருக்கிறோம்.
காகிதத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே
ஒரு விரற்கடை இடைவெளி.
அதில் வரிசையாகக் கண்கள்.

சியோங் வூ கடிகாரங்களைக் காதருகே வைத்துப் பார்க்கிறார்.
பன்னிரண்டாம் பையில் கறுப்பு ராணி இல்லை.
இருமல் மருந்தின் மூடியை வைத்தோம்.
ஏழு வயதுப் பையன் எடுத்து முகர்ந்தான்.
"செர்ரி ராணி" என்றான்.
நகர்த்தினான்.

பிள்ளைகள் நாற்பத்தேழு பேர்.
ஒற்றைப்படை.
இருபத்துமூன்று பலகைகளில் இரு படைகள்.
இருபத்துநான்காம் பலகையில் ஒரு படை மட்டும்
எதிரே வெறும் நாற்காலியைப் பார்த்தபடி.
சுற்றுக்கு ஒரு பிள்ளை இப்படி மிஞ்சும்.
விதிப்படி அதற்கு முழுப் புள்ளி,
சும்மா உட்கார்ந்ததற்கு.

மூன்றாம் சுற்றில் மிஞ்சியவள் தாலியா பியூலியூ.
பத்து வயது. கிராண்ட் போர்ட்டேஜிலிருந்து
இருட்டில் கிளம்பி இரண்டரை மணி நேரம்.
"புள்ளி வேண்டாம்," என்றாள், "ஆள் வேணும்."

ரோலி மாக்கி அப்போதுதான் கடைசி மேசையை இறக்கினார்.
விடிகாலை மூன்றிலிருந்து நகராட்சிக்குப் பனி வாரியவர்.
ஆட்டம் தெரியுமா என்றேன்.
"குதிரை கோணலாய்ப் போகும். மத்ததெல்லாம்
ஏதோ ஒரு பக்கம் நேராத்தானே போகும்?"
உட்கார்ந்துவிட்டார்.

பதினெட்டாவது நகர்த்தலில் தூங்கிப்போனார்.
கன்னத்தில் கை, மந்திரியின் மேல் ஒரு விரல்,
ஓடிக்கொண்டிருந்தது அவருடைய கடிகாரம்.
நான் என் மேசையிலிருந்து பார்த்தேன்:
அவள் எட்டி நடுப் பொத்தானை அழுத்தினாள்.
இரண்டு பக்கமும் நின்றது.

"தூங்கறவர் நேரம் ஓடக் கூடாது இல்லையா?"
விதிகளைப் புரட்டினேன்.
தொலைபேசி ஒலித்தால் என்ன செய்வதென்று இருந்தது.
தூக்கம் எங்கும் இல்லை.
அவளுக்குப் புள்ளி எப்போதோ ஏறிவிட்டது.
ஜெயித்தாலும் தோற்றாலும் எந்தப் பட்டியலிலும்
சேராத ஆட்டம் அது.
சொன்னேன். "தெரியும்" என்றாள்.
பலகையை மட்டும் கலைக்க விடவில்லை.

நான்காம் சுற்றுக்கு அச்சு எந்திரம் காகிதத்தை மென்றது.
ஒரு தகப்பன் போன வருடக் கோப்பை
இரண்டு அங்குலம் உயரம் என்று வாதாடினார்.
யாரோ ஒரு பிள்ளை அழுதது, பிறகு பீட்சா தின்றது.
ரோலி குறட்டை விட்டார்.
இருபத்துமூன்று பலகைகளும் அதைச் சகித்துக்கொண்டன.

ஐந்தாம் சுற்று முடிந்ததும் அவள் திரும்பி வந்தாள்.
நாற்காலியில் மண்டியிட்டுக் காத்திருந்தாள்.
அவர் கண் திறந்ததும் முதலில் பார்த்தது பலகையைத்தான்.
"யார் முறை?"
"உங்க முறை."
பொத்தானை அழுத்தினாள்.
நாலே நகர்த்தல். அவர் பையில் தொலைபேசி அதிர்ந்தது:
மறுபடி பனி, தெற்குச் சாலை, உடனே.

இணைப் பட்டியலின் பின்பக்கத்தில்
அவள் கட்டம் போட்டுக் காய்களை எழுதினாள்.
கீழே: கறுப்பின் முறை. இருவரும் கையெழுத்து.
இரண்டு பிரதி.
ஒன்றை அவர் வண்டியின் வெயில் தட்டியில் செருகியதை
ஆர்டிஸ் பார்த்திருக்கிறாள்.

மேசைகளை மடித்தோம். காய்களை எண்ணினோம்.
மருந்து மூடியையும் ஒன்றென்று எண்ணினோம்.

மார்ச் மாதம் ஹிப்பிங்கில்.
இதுவரை பதிந்தவர்கள் நாற்பத்தாறு. இரட்டைப்படை.
இருபத்துமூன்று மேசை போதும்.
இருபத்துநான்கு என்று எழுதி அனுப்பினேன்.
என் கணக்கில் முதல் பிழை.
பள்ளியில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.