தகவல் தருபவர்

என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால்
பட்டிருப்பு வலயக் கண்காட்சிக்கு
இருபத்துநாலு அட்டைகள் என் தலையில் விழுந்தன.
அழிந்துபோன உயிரினங்கள்.
தயாளினி ரீச்சர் பென்சிலில் குறித்துத் தந்த பட்டியல்,
ஒரு கறுப்பு மார்க்கர், ஒரு சிவப்பு.

களுவாஞ்சிகுடி பிரதேச செயலகத்தில்
பிறப்பு, இறப்புப் பதிவு மேசை என்னுடையது.
பன்னிரண்டு வருடப் பழக்கம் விடுமா?
மாரி மழை, கரண்ட் இல்லை, ஆளும் இல்லை.
அட்டையில் கோடு போட்டு
நிரல் பிரிக்கத் தொடங்கிவிட்டேன்.
பெயர். பால். இடம். திகதி. காரணம்.
கடைசியில், தகவல் தருபவர்.

பயணிப் புறா.
பெண். மிருகக்காட்சிசாலைக் கூண்டு, சின்சினாட்டி.
1914 செப்டெம்பர் ஒன்று, பகல் ஒரு மணியளவில்.
நேரம்கூடத் தெரிந்திருக்கிறது.
எங்கள் ஆட்களுக்குச் சில வருடங்களில்
'அன்று அல்லது அதற்கு அண்மித்த நாளில்' என்று
இதே கையால் எழுதியிருக்கிறேன்.

ஸ்டெல்லரின் கடற்பசு.
கடற்பசு என்ற பெயரை மன்னார்ப் பக்கத்தில்
வேறொன்று ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.
இது பெரிது, எட்டு மீற்றர், குளிர்கடல்.
கண்டுபிடித்தது 1741. முடிந்தது 1768.
வயது இருபத்தேழு என்று எழுதி, வெட்டினேன்.
அது அதன் வயது அல்ல.
எங்களைத் தெரிந்திருந்த காலம்.

பெரிய ஓக். பறக்கத் தெரியாத பறவை.
ஐஸ்லாந்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை, 1844.
ஒரு சோடி, கழுத்து நெரித்து.
முட்டை, சப்பாத்துக் காலில்.
நெரித்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, தகப்பன் பெயரோடு.
தகவல் தருபவரும் அவர்களேதான்.
வேறு யார் அங்கே நின்றது?

டஸ்மேனியப் புலி.
இங்கே மார்க்கர் நின்றது.
புலியே இல்லை அது. நாய் மூஞ்சி, முதுகில் வரி, வயிற்றில் பை.
ஆனாலும் அந்த இரண்டு எழுத்தை
அரசாங்க மேசையில் வைத்து எழுதும்போது
இந்தப் பக்கத்து ஆள் எவரும்
ஒருமுறை வாசலைப் பார்ப்பார்.
பார்த்தேன். மழை மட்டும்.
1936. இரவில் உள் கூட்டுக் கதவு பூட்டியிருந்ததாம். குளிர்.
'இனி இல்லை' என்று அறிவிக்க
அதற்குப் பிறகு ஐம்பது வருடம் பொறுத்தார்களாம்.

ஐம்பது.

இடது பக்க லாச்சியில்
காணாமற்போனமைச் சான்றிதழ்ப் படிவங்கள் ஒரு கட்டு.
ஒன்றை வாங்கிப்போனவள்
மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தாள்,
நிரப்பாமல், மடிக்காமல்.

நாலு மணிக்கு ஒருவர் வந்தார்,
சாரத்தின் ஓரத்தைப் பிழிந்துகொண்டு.
வடிவேல், கோட்டைக்கல்லாறு.
தகப்பன் ஞானமுத்து போய் எட்டு நாள்.
எண்பத்தொன்பது வயது, நெஞ்சுச் சளி.
தொழில்?
'வேளா பிடிச்சவர்.'
மீன்பிடி என்று எழுதப்போனேன்.
'இல்ல மிஸ், வேளா எண்டு போடுங்க.
மத்த மீனுக்கு அவர் போறல்ல.'
வேளா எண்டா?
இரண்டு கையையும் மூக்குக்கு முன்னால் நீட்டி
விரல்களைப் பக்கவாட்டில் விரித்தார்.
வாள். இரு பக்கமும் பல் வைத்த வாள்.
'வலையில பட்டா வலைய வெட்டாம எடுக்க ஏலா.'
இப்ப?
'நான் கடைசியாக் கண்டது கலியாணத்துக்கு முதல்.'
கொஞ்சம் யோசித்து,
'இருக்கும் மிஸ். ஆழத்துல இருக்கும்' என்றார்.

அப்படிச் சொல்பவர்களை எனக்குத் தெரியும்.

ரீச்சரின் பட்டியலில் வேளா இல்லை.
பென்சிலை எடுத்து, வைத்துவிட்டேன்.
பதிவேட்டில், தொழில் என்ற நிரலில், அரசாங்க மையில்
'வேளா பிடிப்பவர்' என்று எழுதினேன்.
என் புத்தகங்களில் அந்த மீன் வந்தது இந்த ஒரு தரம்தான்,
அதுவும் தன்னைக் கொன்றவனின் தொழிலாக.

தகவல் தருபவர்: வடிவேல், மகன்.
கையொப்பம் வைக்கக் குனிந்தார்.
தாடியிலிருந்து ஒரு துளி சொட்டி
'வே' கொஞ்சம் ஊறியது.
ஒற்றுத்தாள் பக்கத்தில்தான் கிடந்தது.
எடுக்கவில்லை.

இன்னும் இருபது அட்டை.
கரண்ட் வரவில்லை.