செருப்புக் காவல்

மாசி மகம். தேவனாம்பட்டினம்.
எனக்குக் கொடுத்த வேலை செருப்பு.
பச்சைத் துண்டு, சாக்பீஸ், அட்டை டோக்கன்.
ஒற்றைச் செருப்போடு வந்தவரிடம்
ஏனென்று கேட்கவில்லை, வாங்கி வைத்தேன்.

பதினோரு மணிக்கு
வண்டிப்பாளையத்து முருகன் மணலில் இறங்க,
பம்பைக்காரர் இருவர்
என் கொட்டகை முன்னாலேயே நின்றுவிட்டார்கள்.
"எவன் எடுத்துட்டுப் போகப் போறான், வாங்கக்கா"
என்றார் மின்வாரியத்துக் குணாளன்.

போனேன்.
ஆடத் தெரியாது.
தோள் முதலில் போனது, பின்னால் இடுப்பு.
வாயிலிருந்த விசில்
தாளம் தப்பித் தப்பி ஊதிக்கொண்டது.
நாற்பத்தாறு வயது
எந்தப் பக்கம் போனதென்று பார்க்கவில்லை.

திரும்பினால்
இருநூற்றுப் பதினோரு ஜோடியும்
அந்த ஒற்றையும் பத்திரம்.
என்னுடையதைத்தான் காணோம்.
அதற்கு நான் டோக்கன் போட்டிருக்கவில்லை.

மதிய மணல்.
தார் ரோடு வரைக்கும்
ஒரு கால் மாற்றி ஒரு கால்.
பம்பை எப்போதோ நின்றிருந்தது.